கருப்பட்டியில் ஒரு முந்திரி டார்ட்

அமெரிக்கர்கள் பண்டிகைக் காலத்தில் சோளப் பாகும் பீக்கன் பருப்பும் சேர்த்துச் சுடும் பலகாரத்தை, புதுச்சேரியில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பண்ருட்டி முந்திரியும் கருப்பட்டியும் கொண்டு டார்ட்டாகச் செய்கிறோம். மைதாவும் வெண்ணெயும் பிசைந்த அடிமாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளிரவைத்துத் தட்டில் பரப்பி, முதலில் வெறுமையாகச் சுட்டெடுத்தால் போதும்.

கவனம் முழுவதும் பாகில் இருக்க வேண்டும். 200 கிராம் கருப்பட்டியைக் கால் கப் நீரில் கரைத்து, மண்ணும் தூசியும் நீங்க வடிகட்டி, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்ச வேண்டும். சோளப் பாகு படிகமாவதைத் தானே தடுத்துக்கொள்ளும். பெரும்பகுதி சுக்ரோஸாலான கருப்பட்டிக்கோ அதற்குப் புளிப்பின் துணை தேவைப்படுகிறது. பாகு வெதுவெதுப்பாக ஆறிய பிறகே 60 கிராம் வெண்ணெயும் அடித்த 3 முட்டைகளும் சேர்க்கலாம். சூட்டில் ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். இதில் 200 கிராம் வறுத்த முந்திரியைக் கலந்து, சுட்டெடுத்த அடிமாவில் ஊற்றி, 175 டிகிரி செல்சியஸில், ஓரம் இறுகி நடுப்பகுதி லேசாக ஆடும் நிலை வரை, ஏறத்தாழ 40 நிமிடம் சுட வேண்டும். சிலர் வெள்ளைச் சர்க்கரையும் சேர்க்கச் சொல்வார்கள். கருப்பட்டியின் மெல்லிய புகைவாசனையை அது மூடிவிடும் என்பதால் நான் சேர்ப்பதில்லை. முழுவதும் ஆறுவதற்கு முன் வெட்டினால் பூரணம் வழியும், ஆகவே முந்தின நாள் மாலையிலேயே சுட்டுவிடுவது நல்லது.