பட்டவராயனுக்குச் செருப்பு கட்டப் போன அன்று

போன கார்த்திகையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி மாவட்டம் காரையார் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போனேன். ஆடி அமாவாசை என்றால் அங்கே கால் வைக்க இடமிருக்காது, ஆற்றங்கரை முழுக்கக் குடில் போட்டுத் தங்கியிருப்பார்கள். நாங்கள் போனது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. பாபநாசம் சோதனைச் சாவடியில் எங்களுக்கு முன்னால் ஒரு வண்டிகூட இல்லை.

அப்பா மடியில் ஒரு ஜோடி புதுத் தோல் செருப்பு, செய்தித்தாளில் சுற்றியிருந்தது. கால் முறிந்து படுத்திருந்தபோது, எழுந்து நடந்துவிட்டால் அந்தக் கோவிலில் இருக்கும் பட்டவராயன் சாமிக்குச் செருப்பு கட்டுவதாக நேர்ந்திருந்தார்.

சாவடியைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அறிவித்தது, தமிழ்நாட்டில் இதுதான் முதலாவது. முந்தின நாள் மழையில் ரோடு இன்னும் காயவில்லை. ஒரு வளைவில் திரும்பினேன்.

“ஏல, நிப்பாட்டு!”

நடு ரோட்டில் ஒரு மிளா, கடமான் என்பார்களே, அது. கலைமான் கூட்டத்தைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன், இது பத்தடிக்குள். மாட்டுக்குச் சமமான உயரம். பக்கத்துக்கு மூன்று கிளையாகப் பிரிந்த கொம்பு, அதில் ஒரு காய்ந்த கொடி தொங்கியது. தொண்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு முடியில்லாமல் சிவந்து ஈரமாக இருந்தது. காயம் என்று பதறிவிட்டேன். மிளாவுக்குச் சில காலம் அப்படித்தான் இருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இன்ஜினை அணைத்தேன். வால் விறைத்து நின்றது. முன்னங்காலைத் தூக்கி ரோட்டில் ஒரு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. அந்தச் சத்தம் எனக்கு நெஞ்சுக்குள்ளே கேட்டது. காது இரண்டும் எங்கள் பக்கம் இல்லை, இடது புறப் புதரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அங்கே என்ன இருந்ததோ, அய்யனாருக்குத்தான் வெளிச்சம். திடீரென்று தொண்டையிலிருந்து ஊதுகுழல் மாதிரி ஒரு கத்தல். ஒரே தாவலில் வலது பக்கச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

அப்பா கும்பிட்ட கையை இறக்கவில்லை. செருப்புப் பொட்டலம் காலடியில் விழுந்து கிடந்தது.

கோவிலில் அய்யனாரைத் தரிசித்து, சங்கிலி பூதத்தாரையும் கும்பிட்டுவிட்டுப் பட்டவராயன் சன்னதிக்கு வந்தோம். பிராமணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாடுகளைக் கவர வந்தவர்களோடு போராடி உயிர்விட்டவர் அவர். கட்டுகிற செருப்பை அவர் ராத்திரியில் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அங்கே தொங்கிய பழைய செருப்பு ஒன்றின் குதிகாலைத் தொட்டுப் பார்த்தேன். தேய்ந்து வழவழவென்று இருந்தது.

அப்பா தானே எட்டிக் கட்டினார். என்னைப் பிடிக்கவிடவில்லை.

திரும்பும்போது அதே வளைவு வந்தது. நான் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்தேன். “இன்னும் மெதுவா போப்பா” என்றார்.