சுத்தியலும் கட்டைவிரலும்

அணுமின் நிலையத்துக்காக ஒரே வரைபடத்தைக் கொண்டு கட்டிய இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களில், இரண்டாவதன் வளைவுப் பகுதி, அதாவது ஆயிரக்கணக்கான குழாய்கள் யூ வடிவில் வளையும் மேல்பகுதி, முடியும் தறுவாயில் பணிமனையின் மூத்த ஃபிட்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் சொன்ன பதிலில் பிழை இருந்ததாக இன்றும் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதில் அவருடைய கேள்விக்கு உரியதுதானா என்ற சந்தேகம் விட்டபாடில்லை என்பதால், அதை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

அவர் கேட்டது இது: "சார், முதல் கலத்துல பட்டை முனையை வரிசைக்குக் கொண்டுவர நைலான் சுத்தியல் தேவைப்பட்டுச்சு. இதுல கட்டைவிரலால தள்ளினாலே நகருது. ஃபீலர் கேஜ் ரெண்டுலயும் ஒண்ணுதான் காட்டுது. இறுக்கமா இருந்ததும் டிராயிங்படி, லூசா இருக்கறதும் டிராயிங்படின்னா, டிராயிங் என்னதான் சொல்லுது?"

"ரெண்டையும் ஏத்துக்கலாம்னு சொல்லுதுண்ணே" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போய்விட்டார். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அவர் பட்டை என்றது, குழாய் அடுக்குகளுக்கு நடுவே வைக்கப்படும் 'வி' வடிவ அதிர்வுத் தடுப்புப் பட்டைகளை. யூ வளைவு தன் தளத்திலிருந்து பக்கவாட்டில் விலகி ஆடாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் குறிப்பிட்ட தடிமனுள்ள மெல்லிய இலை நுழையக்கூடாது என்பது எங்கள் ஏற்பு விதி. இரண்டு கலன்களிலும் இலை நுழையவில்லை. இலை நுழையாததால் இடைவெளி இல்லை என்று தெரிகிறது. குழாயும் பட்டையும் ஒன்றையொன்று அழுத்துகின்றனவா, வெறுமனே ஒட்டி நிற்கின்றனவா என்பது தெரியாது. சுத்தியல் தேவைப்படுவதற்கும் கட்டைவிரல் போதுமானதாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த இலைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கிறது.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதில் மர்மம் ஏதுமில்லை. முதல் கலனில் வளைவுகளின் குறுக்குவெட்டு சற்றே நீள்வட்டமாக இருந்தது, பட்டைகளிலும் லேசான முறுக்கு இருந்தது. அவற்றைச் செருகும்போது குழாய்களில் சிறு நசுங்கல்கள் விழுந்தன. தொழிற்சாலையிலேயே எடுத்த முதல் எடி கரண்ட் சோதனையில் (மின்காந்தத்தால் குழாயின் குறைகளைக் கண்டறியும் சோதனை) ஒவ்வொரு நசுங்கலும் ஒரு சமிக்ஞையாக வந்து நின்றது. நசுங்கல் இருக்கும் இடத்தில் பின்னாளில் விரிசல் தோன்றினால் அதை அடையாளம் காண்பது கடினம். ஆகவே இரண்டாவது கலனுக்கு வளைக்கும் கருவியைத் திருத்தினோம், பட்டைகளின் தட்டைத்தன்மைக்குக் கடுமையான எல்லை வைத்தோம். நசுங்கல்கள் பெருமளவு குறைந்தன. எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். தரம் உயர்ந்திருந்தது, அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. உயர்ந்த அந்தத் தரம் கூடவே எதைக் குறைத்தது என்பதைக் கவனித்துச் சொன்னவர் அந்த ஃபிட்டர் ஒருவர்தான்.

அவர் பேசியதை அருகில் நின்று கேட்ட தரப்பிரிவு அலுவலர் மாலையில் என் மேசைக்கு வந்தார். பட்டைகளை நகர்த்தத் தேவைப்படும் விசையை ஸ்பிரிங் தராசு கொண்டு அளந்து பதிவேட்டில் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏற்பு எல்லை இல்லாத ஓர் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றினால், பின்னால் வரும் ஒவ்வொரு தணிக்கையாளரும் அது கூடுதலா குறைவா என்று கேட்பார். பதில் சொல்ல நம்மிடம் அடிப்படை இருக்காது. எண்ணைப் பற்றிய விளக்கமே தனிக் கோப்பாக வளரும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொன்னது புரியும். பதில் சொல்ல முடியாத கேள்வியைப் பதிவேட்டில் தானாகப் போய் எழுதி வைப்பவர் இங்கே அதிக நாள் நிம்மதியாக இருப்பதில்லை.

அப்போது எனக்கு சான் ஒனோஃப்ரே தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். அங்கிருந்துதான் என் சங்கடம் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் அந்த அணுமின் நிலையத்தில், புதிதாக மாற்றப்பட்ட நீராவி உற்பத்திக் கலன்கள் ஓராண்டுகூட ஓடாத நிலையில், 2012 ஜனவரி 31 அன்று 3-ஆம் அலகில் ஒரு குழாய் கசிந்தது. ஒவ்வொரு கலனிலும் 9,727 குழாய்கள். கசிந்த குழாயோடு விஷயம் முடியவில்லை. அழுத்தச் சோதனையில் எட்டுக் குழாய்கள் தாங்காமல் போயின. வளைவுப் பகுதியில் குழாயோடு குழாய் உரசித் தேய்ந்திருந்தது. அதுவரை வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் பக்கவாட்டு அசைவுக்கே அஞ்சினார்கள். அதைத் தடுத்துவிட்டால் வளைவு தன் தளத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் ஆடும் ஆபத்தும் அடங்கிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. தட்டையான பட்டை அந்த அசைவை உராய்வால் மட்டுமே பிடிக்கிறது. உராய்வு வேண்டுமென்றால் அழுத்தம் வேண்டும். 3-ஆம் அலகில் பட்டைகளின் அளவுகள் 2-ஆம் அலகைவிடச் சீராக அமைந்திருந்தன, அதனாலேயே தொடு அழுத்தம் சராசரியில் குறைந்தது, பாதிப்பும் அங்கேதான் பெரிதாக இருந்தது. 2013 ஜூனில் நிலையத்தை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள்.

ஆக, சீரான தயாரிப்பு பிடிமானத்தைக் குறைத்த வரலாறு எனக்குப் பாடமாகவே தெரிந்திருந்தது. ஃபிட்டர் சொன்னது கிட்டத்தட்ட அதே வாக்கியம். என் காதில் அது ஏன் அப்படி விழவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

விழுந்தது என்பதுதான் உண்மை. அதற்கான பதிலும் என் கோப்பில் ஏற்கெனவே இருந்தது. சான் ஒனோஃப்ரேவுக்குப் பிறகு வந்த வடிவமைப்பு என்பதால், தளத்துக்குள்ளான அசைவைக் கணக்கிடும்போது நான் பட்டைகளின் உராய்வை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. குழாய்கள் துளைகளில் நுழைந்து நிற்கும் தகடுகளில் மிக மேலே உள்ள தாங்குதகட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை வளைவு முழுவதும் பிடிமானமற்று நிற்பதாக வைத்துக்கொண்டே கணக்கிட்டேன். 1970-இல் கானர்ஸ் என்ற ஆய்வாளர் தந்த சமன்பாட்டின் வழியில், நிலைகுலைவு (பாய்வால் குழாய் கட்டுக்கடங்காமல் ஆடுவது) தொடங்கும் பாய்வு வேகம், குழாயின் இயல் அதிர்வெண்ணையும் விட்டத்தையும் பெருக்கி வரும் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. குழாயின் நிறையையும் தணிப்பையும் (அதிர்வை அடக்கும் தன்மை) பெருக்கி, பாய்மத்தின் அடர்த்தியாலும் குழாய் விட்டத்தின் இருபடியாலும் வகுத்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் மீதியும் கிடைத்துவிடும். நேர்க் குழாயில் நடுவே ஒரு தாங்கி செயலிழந்து தாங்கலற்ற நீளம் இருமடங்கானால், அதிர்வெண் நான்கில் ஒன்றாகிவிடும். வளைவில் கணக்கு சற்று வேறு, போக்கு ஒன்றே. அத்தனை பாதகமாக எடுத்தும் பாய்வு வேகம் அந்த எல்லைக்குக் கீழேயே இருந்தது. சுத்தியலால் நகர்ந்தாலும் கட்டைவிரலால் நகர்ந்தாலும் இந்தக் கணக்குக்குக் கவலையில்லை. இதைத்தான் ஒரே வரியில் அவரிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

இங்கே நிறுத்திக்கொண்டால் எனக்கும் வசதிதான். ஆனால் அந்தக் கணக்கில் மூன்று இடங்களில் பிறர் சொன்னதை நம்பியிருக்கிறேன். சமன்பாட்டின் மாறிலி பெரும்பாலும் ஓட்டத்துக்குக் குறுக்கே ஆடும் குழாய்களைச் சோதித்துப் பெற்றது; வளைவு தன் தளத்தில் ஆடும்போது அது ஓட்டத்தின் திசையிலேயே ஆடுகிறது. தணிப்பு இன்னும் வழுக்கலான விஷயம். வளைவின் உச்சியில் நீர் குறைந்து நீராவி மிகுந்திருக்கும். நீரும் நீராவியும் கலந்து ஓடும்போது கிடைக்கும் தணிப்பு, கலவை ஏறக்குறைய முழுதும் நீராவியாகும்போது வெகுவாகச் சரிந்துவிடும். அந்தக் கலவை எங்கே எவ்வளவு என்பதை வெப்பப் பாய்வைக் கணக்கிடும் கணினி நிரல்தான் சொல்கிறது. சான் ஒனோஃப்ரேவில் ஏமாற்றியவற்றுள் அதுவும் ஒன்று. உண்மை வேகமும் நீராவி விகிதமும் நிரல் சொன்னதைவிட அதிகமாக இருந்தன. எங்கள் நிரல் வேறு, சரிபார்ப்பும் கூடுதல். அவர்களும் தங்கள் நிரலைச் சரிபார்க்கப்பட்டது என்றே நம்பியிருப்பார்கள்.

உராய்வு கணக்கில் இல்லாவிட்டாலும் கலனில் இருந்திருக்கும். கணக்கு எங்கேயாவது தவறியிருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும் பெயரில்லாத சேமிப்பாக அது இருந்திருக்கும். இரண்டாவது கலனில் அந்தச் சேமிப்பை நாங்கள், நசுங்கல் குறைய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு, செலவழித்துவிட்டோம். எவ்வளவு செலவானது என்று அளக்கவும் நான் சம்மதிக்கவில்லை.

இதற்கு எதிராக என் மனமே வாதாடும். இறுக்கத்தைக் கொண்டாடுவது இந்தத் துறைக்கு நல்லதாக அமைந்ததில்லை. 1970-களில் கார்பன் எஃகால் செய்த தாங்குதகடுகளில் குழாய்க்கும் துளைக்கும் நடுவே இருந்த குறுகிய சந்தில் அழுக்கு தங்கி, எஃகு அரித்து மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடாக மாறியது. மாறிய பொருள் மூல உலோகத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இடத்தை அடைத்து, குழாயின் கழுத்தை நெரித்தது. 1987 ஜூலையில் அமெரிக்காவின் நார்த் ஆன்னா அணுமின் நிலையத்தில் முறிந்த குழாய், மேல் தாங்குதகட்டில் இப்படி இறுகப் பிடிக்கப்பட்டு, அதற்கு மேலே பட்டையின் துணை கிடைக்காமல், அதிர்வுச் சோர்வால் முறிந்தது. 1991 பிப்ரவரியில் ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில் பட்டைகள் வரைபடம் சொன்ன ஆழத்துக்குச் செருகப்படாததால் ஒரு குழாய் முறிந்தது. ஓரிடத்தில் இறுக்கமும் துணையின்மையும் சேர்ந்து கெடுத்தன. இன்னோரிடத்தில் துணை எட்டவேண்டிய இடத்தை எட்டவேயில்லை. துருப்பிடிக்காத எஃகுக்கும், துளைச் சுற்றில் நீர் தாராளமாக ஓடும் இதழ் வடிவத் துளைகளுக்கும் துறை மாறியது, பிடித்தும் பிடிக்காமலும் தாங்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதால்தான். ஃபிட்டருக்குச் சுத்தியலின் எதிர்ப்பு உறுதியாகப் பட்டது. அந்த எதிர்ப்பில் ஒரு பகுதி முறுக்கிய பட்டை ஒன்றிரண்டு குழாய்களில் போய் முட்டியதால் வந்தது. அது தாங்கல் ஆகாது, காயம். கலன் சூடேறி, உள்ளே ஏறத்தாழ 155 பார் அழுத்தம் ஏறியபின், குளிர்ந்த நிலையில் கைக்குப் பட்ட இறுக்கத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று அவருக்கும் தெரியாது.

எனவே அவர் சரி, நான் தவறு என்று எழுத முடியவில்லை. பட்டறை அனுபவத்தை ஏட்டுக் கல்வி மதிக்கவில்லை என்பது போன்ற கதையாகவும் இதை ஆக்க எனக்கு விருப்பமில்லை. அவரை நான் மதித்தேன், பதில் சொல்லும்போதும் மதித்தேன். என்னை உறுத்துவது, வரைபடம் எதைச் சொல்கிறது என்று கேட்டவருக்கு, வரைபடம் எதை அனுமதிக்கிறது என்று பதில் சொன்னது. இந்தப் பட்டை குழாயை அழுத்த வேண்டுமா, தொட்டால் போதுமா என்பது அவர் கேட்ட கேள்வி. எங்கள் வரைபடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. "அதைச் சொல்லலண்ணே" என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலும் அதே அளவுக்கு உண்மையானது. சொன்ன மறுநொடி யாராவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார்கள், வேலை நின்றிருக்கும்.

இரண்டு கலன்களும் இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் எரிபொருள் மாற்று நிறுத்தத்தில் எடுத்த எடி கரண்ட் அறிக்கை எனக்கும் வந்தது. குழாயோடு குழாய் உரசிய தடயம் எதிலும் இல்லை. பட்டைகள் தொடும் இடங்களில் ஆழமற்ற தேய்மானக் குறிகள் சில, எல்லாம் குழாயை அடைக்க வேண்டிய எல்லைக்கு வெகு கீழே. கட்டைவிரலால் நகர்ந்த கலனில் அவை சற்றுக் குறைவு. என் பக்கம் சாட்சி சொல்ல இதைவிட நல்ல அறிக்கை கிடைக்காது. ஆனால் பாய்மத்தால் வரும் நிலைகுலைவு, தேய்மானம்போல் சிறிது சிறிதாக முன்னறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. எல்லைக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமில்லை, எல்லையைத் தாண்டினால் வீச்சு ஒரேயடியாக எகிறும். குழாயோடு குழாய் உரசிய தடயம் இல்லாததைக் கொண்டு எல்லைக்குக் கீழே இருக்கிறோம் என்று அறியலாம், எவ்வளவு கீழே என்று அறிய முடியாது. நாளை திறனைச் சில சதவீதம் உயர்த்தலாமா என்று நிலையம் கேட்டால், அந்த "எவ்வளவு" தான் வேண்டியிருக்கும்.

இப்போது கையிலிருக்கும் புதிய வேலையின் ஆய்வுப் படிவத்தில், பட்டை முனையை நகர்த்தத் தேவைப்படும் விசைக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன், வெளி வரிசைகளுக்கு மட்டும், தகவலுக்காக என்ற குறிப்போடு. ஏற்பு எல்லை என்ன என்று தரப்பிரிவு கேட்டுத் திருப்பி அனுப்பியது. அன்று நான் சொன்ன காரணத்தையே கிட்டத்தட்ட என் சொற்களிலேயே எழுதியிருந்தார்கள், மறுக்க எனக்கு வழியில்லை. அதைவிடப் பெரிய குறையை நானே கண்டேன். ஒரு பட்டை தான் கடக்கும் எல்லாக் குழாய்களையும் தொடுகிறது. தராசு காட்டுவது அவற்றின் கூட்டு எதிர்ப்பு. ஒரே ஒரு குழாய் இறுக்கிப் பிடித்து, மற்றவையெல்லாம் சும்மா ஒட்டி நின்றாலும் நல்ல எண் வரும். தனித்தனிக் குழாயில் அளக்கும் முறையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை இந்தக் கட்டத்தை, இந்தக் குறையையும் பக்கத்திலேயே எழுதி, அடுத்த வடிவமைப்புக் கூட்டத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.