கால் நகத்துக்கு வைத்தியம் பார்க்கப் போய்...

அம்மா கொடுத்த கிட்னியோடு எனக்கு இது நான்காவது வருடம். உடம்பு அதை ஒதுக்கிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளான டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் தினமும் உண்டு. போன வருடம் இடது கால் கட்டைவிரல் நகம் அடிப்பக்கத்தில், தோலை ஒட்டி, வெள்ளையானது. நகப் பூஞ்சை பெரும்பாலும் நுனியிலோ ஓரத்திலோதான் மஞ்சளாகத் தொடங்கும். அடியிலிருந்து வெள்ளை ஏறினால் எதிர்ப்புச் சக்தி குறைவோ என்று டாக்டர்கள் யோசிப்பார்களாம். அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா, "நகச்சுத்திதான் தம்பி" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார். கால் கட்டைவிரல் நுழைகிற பழத்துக்கு நான் எங்கே போவது?

அடுத்து செய்ததுதான் முட்டாள்தனம். மருந்துக்கடையில் செருப்பைக் கழற்றிக் காட்டினேன். "பூஞ்சை சார், ஒரு வாரம் போடுங்க" என்று இட்ராகொனசோல் காப்ஸ்யூல் கொடுத்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு, அதாவது டாக்ரோ லெவல், 19. எனக்கு வைத்திருக்கும் அளவு 5 முதல் 8 வரைதான். கிட்னி சோர்ந்தால் ஏறுகிற கிரியேட்டினினும் 1.2-இலிருந்து 1.9-க்குப் போயிருந்தது. டாக்ரோலிமஸை உடைத்துக் கழிக்கிற கல்லீரல் நொதியை இட்ராகொனசோல் முடக்கிவிடும். வேறு பூஞ்சை மருந்துகளான ஃப்ளூகொனசோலும் வோரிகொனசோலும் இதே வேலையைச் செய்பவை. கிட்னி டாக்டர் திட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தாலே தேவலை.

லெவல் இறங்கியதும் ஸ்கின் டாக்டரிடம் போனேன். சொரியாசிஸ், அடிபட்ட நகம் எல்லாமே பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இருக்கும், அதனால் டெஸ்ட் இல்லாமல் மாத்திரை கிடையாது என்றார். சாப்பிட்ட காப்ஸ்யூலின் வேகம் அடங்கச் சில வாரம் காத்திருக்கச் சொன்னார். காத்திருந்து போனால், லேபில் நகத்துண்டை ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்டுக்கு உலர்ந்த டப்பாவில்தான் வைக்க வேண்டும். ஃபார்மலினில் பூஞ்சை செத்துவிடும், அப்புறம் என்ன வளரும்? நான்கு வாரம் கழித்து 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட். கவுண்டரில் கேட்டால், "எல்லா சாம்பிளும் அப்படித்தான் சார் எடுப்போம்." பணமும் திரும்பவில்லை. நகம் கொடுக்கப் போகிறவர்கள் டப்பாவில் தண்ணீர் மாதிரி எதுவும் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

வேறு லேபில் அன்றைக்கே, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற கே.ஓ.ஹெச். டெஸ்டில் பூஞ்சை இழை தெரிந்தது. கல்ச்சரில் வளர்ந்தது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற சாதாரண நகப் பூஞ்சை. ஃபியூசேரியம் என்ற வேறு பூஞ்சை இல்லை என்றதும் ஸ்கின் டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி. எதிர்ப்புச் சக்தி ரொம்பவே விழுந்தவர்களுக்கு அது நகத்திலிருந்து ரத்தத்துக்கே போகக்கூடியது. நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும் என்று எச்சரித்தார்.

பிறகு என் கண்ணெதிரிலேயே கிட்னி டாக்டருக்கு போன் போட்டார். எனக்கு அதுவே பாதி குணமானது போலிருந்தது. கிட்னி வடிகட்டும் அளவு 50-க்கு மேல் இருந்ததால் டெர்பினஃபின் என்ற பூஞ்சை மாத்திரை, தினமும் 250 மில்லிகிராம், 12 வாரம். தொடங்கும் முன்பும் நடுவிலும் கல்லீரல் டெஸ்ட், டாக்ரோ லெவல். லெவலுக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் காலை டாக்ரோலிமஸை விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். ஒருமுறை அப்படிப் போய் வீண் அலைச்சல்.

டெர்பினஃபின் முடிந்துவிட்டது. நகம் முழுசாக மாற ஒரு வருடத்துக்கு மேலாகும். தொடங்கிய அன்று வெள்ளைக்கும் நல்ல நகத்துக்கும் நடுவே டாக்டர் அரத்தால் ஒரு கீறல் போட்டிருந்தார். நேற்று மகளின் ஸ்கேலை வைத்து அளந்தேன்: கீறல் 4 மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்திருக்கிறது. அடியில் புதிதாக வளர்ந்த நகத்தில் வெள்ளை இல்லை.