பாடம் தபால்ல வருது

ஜூன் 8, ஞாயிறு

சப் எடிட்டிங் படிக்கிறேன்னு சொன்னதும் வீட்ல எல்லாரும் கேட்டது, அப்ப நீ நியூஸ் எழுதப் போறியான்னு. எழுதுறது நிருபர், அவர் அனுப்புறத வெட்டி ஒட்டி தப்பு திருத்தி தலைப்பு வச்சு பக்கத்துல உக்கார வைக்கிறவங்கதான் சப்னு விளக்குனேன். "அப்ப உம் பேரு பேப்பர்ல வராதாக்கும்"னு அத்தை உச்சுக் கொட்டிட்டுப் போயிட்டாங்க. பதினோரு வருஷமா கோவில்பட்டில ஒரு பிரஸ்ல டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல அச்சுக்கு எழுத்தடிக்கிற வேலை பண்றேன், கல்யாணப் பத்திரிகை, பில் புக், கடலைமிட்டாய் லேபிள்னு அடிச்சு அடிச்சு விரல் மட்டும்தான் வேலை பாக்குது, மண்டை லீவுல இருக்கு. அதான் தபால்வழில சேர்ந்தேன். பணம் கட்டியாச்சு, பாடம் வர வேண்டிய தேதி தாண்டி மூணு வாரம் ஆச்சு, இன்னும் வந்த பாடில்ல. போன் பண்ணா அனுப்பியாச்சும்மாங்கிறாங்க. நல்லா நடத்துறாங்க காலேஜு.

ஜூன் 19, வியாழன்

கவர் வந்துருச்சு, ஒரு மூலை கிழிஞ்சு.

முதல் பாடம் தலைகீழ் பிரமிடு. முக்கியமானது மேல, போகப் போக சத்து குறையணும், பக்கத்துல இடம் பத்தலன்னா கீழருந்து வெட்டிக்கிட்டே வரலாம். பயிற்சிக்கு ஒரு நகராட்சிக் கூட்டம் குடுத்திருக்காங்க, 300 வார்த்தைய 120 ஆக்கணும். தலைவர் தலைமை தாங்கினார், ஆணையாளர் முன்னிலை வகித்தார், இன்னார் வரவேற்றார்னு நாலு வரி போயி, அஞ்சாவது பாராவுலதான் குடிதண்ணி எட்டு நாளைக்கு ஒருக்க வருதுன்னு கவுன்சிலர் காலிக் குடத்தோட வந்து நின்னதே வருது. கோவில்பட்டிக்காரிக்கு இதுல எது நியூஸுன்னு சொல்லித் தரணுமா? குடத்தைத் தூக்கி மேல வச்சேன், வரவேற்றவர், நன்றி சொன்னவர், பொன்னாடை போத்துனவர் எல்லாரையும் ஒரே கோட்டுல அடிச்சேன். அழைப்பிதழ்ல ஒருத்தர் பேரு விட்டுப்போச்சுன்னு எத்தனை தடவை திட்டு வாங்கிருப்பேன், அதுக்கெல்லாம் சேத்து ஒரு நிம்மதி.

ஜூலை 6, ஞாயிறு

பயிற்சிக்கு மார்க் பத்துக்கு நாலு. திருத்தக் குடுத்த காப்பி, அதான் நிருபர் எழுதுன செய்தி, இதுதான்: மேட்டூர் அணை நீர்மட்டம் 93.47 டிஎம்சி, நீர் இருப்பு 120 அடி, நீர்வரத்து 12 ஆயிரம் கன அடி. நான் என்னத்த பாத்தேன்? 'தண்ணீரைக் குடித்தான்'ல ஒற்று மிகும், 'தண்ணீர் குடித்தான்'ல மிகாதுங்கிற விதிய வச்சுக்கிட்டு அஞ்சு எடத்துல க், ச் போட்டு, அடிச்சு, பெருமையா அனுப்பிருக்கேன். ஓரத்துல சிவப்பு மைல சார் எழுதிருக்கார், "ஒற்றைப் பார்த்தீர்கள், அணையைப் பார்க்கவில்லை."

உயரம் அடில வரணும், கொள்ளளவு டிஎம்சில வரணும், ரெண்டும் எடம் மாறிக் கிடக்கு. நீர்வரத்துல 'விநாடிக்கு'ங்கிற வார்த்தையே இல்ல. ராத்திரி கால்குலேட்டர எடுத்துப் போட்டுப் பாத்தேன். 1 டிஎம்சின்னா 100 கோடி கன அடி, ஒரு நாளைக்கு 86,400 விநாடி, வகுத்தா 11,574 சொச்சம். அதாவது விநாடிக்கு 12 ஆயிரம் கன அடி வந்தா ஒரு நாளைக்கு 1 டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல. இத்தனை வருஷமா ரேடியோவுல கேட்ட நம்பர் இன்னைக்குத்தான் தண்ணியா தெரிஞ்சுது.

ஜூலை 24, வியாழன்

இந்தத் தடவை தலைப்பு வைக்கிற பாடம். ஒரு காலம் (பேப்பர் பத்தி) அகலம், ரெண்டு வரி, வரிக்கு பன்னெண்டு எழுத்து. 'மாவட்ட ஆட்சியர்' போட்டா ஒம்பது போச்சு, 'கலெக்டர்'னா அஞ்சுதான். ஆனா 'ர்' ஒரு எழுத்து, 'ணொ'வும் ஒரு எழுத்துன்னு எண்ணுனா, அகலம் வேற வேறங்கிறதால ஸ்கிரீன்ல பல்லிளிக்கும், இத பாடம் எழுதுனவரவிட எனக்கு நல்லாத் தெரியும். எழுத்த 85 பர்சென்ட்டுக்கு நசுக்கி உள்ள தள்ளுற பிரஸ் புத்தி இங்க செல்லாதாம், வார்த்தையத்தான் மாத்தணுமாம்.

'செயின் பறித்த குற்றவாளி கைது'ன்னு வச்சதுக்கு மார்க்கே இல்ல. கைதானதும் குற்றவாளி ஆயிர மாட்டாரு, கோர்ட்டு சொல்லணும்.

இன்னொன்னுதான் மனச உறுத்துது. போக்சோ, அதான் குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான சட்டம், அந்த வழக்குக் காப்பில குழந்தை பேர எடுத்துட்டேன், அப்பாவோட கடைப் பேரையும் தெருவையும் விட்டுட்டேன். 2012ல வந்த அந்தச் சட்டத்துல பிரிவு 23 இருக்கு, பேரு, முகவரி, போட்டோ, குடும்ப விவரம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், அடையாளம் காட்டுற எதுவுமே கூடாது. எங்க ஊர் சைஸுக்குக் கடைப் பேரப் போட்டா, வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்ட மாதிரி. பயிற்சித்தாள்தான், ஆனாலும் ராத்திரி சரியாத் தூங்கல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேத்து பிரஸ்ல ஒரு கல்யாணப் பத்திரிகை, 500 காப்பி, பார்ட்டி பாத்து கையெழுத்தும் போட்டுட்டாரு. ஆவணி 19, செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமைன்னு இருக்கு. சும்மா செவுத்துல தொங்குற காலண்டர்ல புரட்டுனேன், வியாழன். அண்ணாச்சி மெஷின நிப்பாட்டச் சொல்லிட்டு என்னையவே பாத்தாரு, "ஏ தாயி, இனி எல்லா புரூஃபையும் நீயே பாரு." சம்பளத்தப் பத்தி ஒரு வார்த்தை வரல.

அந்த மெதப்போட வீட்டுக்கு வந்து, ரெண்டாவது பார்சலும் லேட்டாகுதேன்னு காலேஜுக்குக் கண்டிச்சு ஒரு லெட்டர் எழுத உக்காந்தேன். அட்ரஸ் பாக்க சேர்க்கை விண்ணப்பத்தோட ஜெராக்ஸ எடுத்தேன். பின்கோடு 628ல ஆரம்பிக்கணும், என் கையெழுத்துல அழகா 626ன்னு இருக்கு. என் பாடமெல்லாம் விருதுநகர் பக்கம் சுத்திப் பாத்துட்டுத்தான் வந்திருக்கு. லெட்டரக் கிழிச்சுப் போட்டுட்டு, விலாசத் திருத்தம் கோருதல்னு தலைப்பு வச்சு மூணே வரில முடிச்சேன்.