உப்பில்லாத கடற்கரை

ரொறன்ரோவில் குயீன் வீதிக் கிழக்கில் இறங்கித் தெற்கே பார்த்தால் மறுகரை தெரியாது. அலை, மணல், கத்தித் திரியும் கடற்பறவைகள், ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்குப் பலகை நடைபாதை. எல்லாம் சரி. உதட்டை நக்கினால்தான் ஏமாற்றம்: உப்பே இல்லை. பீச்சஸ் என்ற இந்தப் பகுதி இருப்பது ஒன்ராறியோ ஏரிக்கரையில். கருவாட்டு மணமும் கிடையாது, சன்ஸ்கிரீன் மணம்தான்.

நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து போகிறவர்கள் காரை வீட்டிலேயே விடலாம். கோடைச் சனி, ஞாயிறுகளில் பார்க்கிங் கிடைப்பது குதிரைக்கொம்பு. வுட்பைன் சப்வேயில் இறங்கி 92ஆம் இலக்க பஸ் எடுத்தால் கரையோரமே கொண்டுபோய் விடும். 501 ஸ்ட்ரீட்கார் அவசரமில்லாதவர்களுக்கு.

பெரிய கோபம் தண்ணீர் மேல்தான். ஜூலை, வெளியே 30 பாகை. தண்ணீரில் காலை வைத்தால் எலும்பு வரை குத்தும். காரணம் காற்று. கச்சான் என்றால் இலங்கையில், எங்கள் ஊரில், நிலக்கடலையும்தான், மேற்கிலிருந்து வரும் காற்றும்தான். மட்டக்களப்பில் அது அடித்தால் உடம்பு காயும். இங்கே மேற்கிலிருந்து காற்று ஓரிரு நாள் விடாமல் வீசினால், பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் காற்றின் வலப்பக்கம், அதாவது தெற்கே நடு ஏரிக்கு ஒதுங்கும். வெயிலில் சூடேறியிருந்ததெல்லாம் போய், அடியாழக் குளிர்நீர் கரைக்கு ஏறிவரும். 20 பாகையில் இருந்தது 10க்குக் கிட்ட இறங்கிவிடும். காற்று கிழக்கிலிருந்து திரும்பினால் சூடும் திரும்பும். ஆகவே குளிக்கப் போகுமுன் இன்றைய வெயிலை அல்ல, கடந்த இரண்டு நாள் காற்றைப் பாருங்கள். ஆகஸ்ட் நடுப்பகுதிதான் ஓரளவு நம்பலாம். பெருமழை பெய்தால் 48 மணி நேரம் இறங்க வேண்டாம்: பழைய சாக்கடைக் குழாய்களில் மழைநீரும் கழிவும் ஒன்றாக ஓடுவதால், நிரம்பி வழிவது ஏரிக்குத்தான் வரும்.

பழகினால் இதுவும் ஒரு கரைதான். 1920இல் கட்டிய லூட்டி உயிர்காப்பு நிலையம், வெள்ளை மரவீடு மாதிரி, பார்க்க அழகு. ஆனால் அதன் நிழலில் உட்கார்ந்தால் யாழ்ப்பாணத்துக் காரைநகரின் கசூரினா கடற்கரை நினைவுக்கு வந்துவிடுகிறது: சவுக்குமர இரைச்சல், எவ்வளவு நடந்தாலும் இடுப்பைத் தாண்டாத வெதுவெதுத் தண்ணீர், திரும்பி வந்ததும் கிணற்றடியில் உப்புப்போக நாலு வாளி.

இங்கே கழுவிக்கொள்ள உப்பில்லை. கிழக்கு முனையில் 1941இல் திறந்த ஹாரிஸ் சுத்திகரிப்பு நிலையம் இதே ஏரியைத்தான் நகரத்துக் குழாய்களுக்கு அனுப்புகிறது. குளித்த தண்ணீரிலேயே வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் குளிக்கிறோம், இந்தமுறை சூடாக.