இடது பக்கக் கசிவு: ஆகஸ்ட் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பாவின் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் இடது பக்கத்தை மண்ணெண்ணெயால் கழுவி, வெயிலில் காயவிட்டு, மூடிகள் பொருந்தும் கோடுகள் எல்லாவற்றின் மேலும் முகப்பவுடர் தூவி ஓடவிட்டேன். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஓட்டத்தில் காற்றோடு பின்நோக்கியும் பரவும். ஆகவே சொட்டு விழும் இடத்தை நம்பமுடியாது. நனைந்த பரப்பில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அங்கிருந்துதான் தேடத் தொடங்கவேண்டும். சிலிண்டர் தலையும் சிலிண்டரின் அடியில் கசிவைத் தடுக்கும் பெக்கிங்கும் வெள்ளையாகவே நின்றன. இடது மூடியின் அடிக்கோட்டில் மட்டும் பவுடர் கறுத்து, சற்று நேரத்தில் ஒரு துளி திரண்டது. இந்த ஹொண்டா சி.ஜி. 125இல் அந்த மூடிக்குள் இருப்பது மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரமான மெக்னட் சில்லு. அது உலர்ந்திருக்கவேண்டிய அறை. அங்கே எண்ணெய் நிற்கிறதென்றால் பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுத்து நிற்கும் வளையமான சீல் விட்டுவிட்டது என்றே எண்ணவேண்டியிருக்கிறது. மெக்னட்டைக் கழற்றாமல் அந்தச் சீலைத் தொடமுடியாது.

இரவு அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தார். "எங்க இருந்து ஒழுகுது பிள்ளை?" என்றுதான் முதலில் கேட்டார். மருந்தைப் பற்றி நான் கேட்டதற்கு விடை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று இரவிலும் ஓயவில்லை. முற்றத்து மணல் விறாந்தைவரை வந்துவிட்டது. திறந்த எஞ்சினுக்குள் மணல் போனால் இருக்கிற நோயைவிடப் பெரிய நோயை நானே வாங்கிக் கொடுத்ததாகிவிடும். விடியுமுன் தொடங்கி, காற்று எழும்புவதற்குள் எல்லாவற்றையும் துணியால் மூடிவிடுவதென்று வைத்துக்கொண்டேன். பெற்றோல் தாங்கியையும் இன்றே கழற்றி வீட்டுக்குள் எடுத்துவைத்தேன். சூடு காட்ட நேர்ந்தால் அது பக்கத்தில் இருக்கக்கூடாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூடியின் திருகாணிகள் அசைய மறுக்கின்றன.

இவை ஜப்பானிய முறைப்படி வெட்டப்பட்ட குறுக்குத் தலைகள். சிலவற்றின் தலையில் அதற்கு அடையாளமான சிறு புள்ளி இன்னும் தெரிகிறது. கடைகளில் கிடைக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளியின் நுனி இந்தக் குழியின் அடிவரை போய் அமராது. பலம் கொடுக்கும்போது மேலேறி வழுக்கி, தலையின் விளிம்புகளை அரைத்துவிடும். முன்பு யாரோ அப்படித்தான் அரைத்திருக்கிறார்கள். கீழ்ப்பக்கத்துத் தலை ஒன்று ஏறக்குறைய வட்டக் குழியாகவே ஆகிவிட்டது.

இவற்றை இறுக்கிப் பிடித்திருப்பது உப்பு. திருகாணி இரும்பு, உடல் அலுமினியம். இரண்டுக்கும் இடையில் உப்பீரம் புகுந்தால் அலுமினியம் தன்னை இழந்து வெண்பொடியாகிறது. அந்தப் பொடிக்குத் தேவையான இடம் உலோகத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதலானது என்பதால் அது புரிகளுக்குள் ஆப்பாக நின்றுவிடுகிறது. திருகோணமலையில் உப்பிலிருந்து எதையும் ஒளித்துவைக்க முடியாது. ஒருபுறம் டச்சுக்குடா, மறுபுறம் உட்துறைமுகம், நடுவே ஒரு கழுத்தளவு நிலத்தில் நாங்கள். அதிலும் இந்த மோட்டார் சைக்கிள் 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை ஆண்டுக்கணக்காகப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போய் வந்தது. அப்பா எப்போதும் அதைப் பாதையின் ஓரத்தில் இடதுபக்கம் தண்ணீரைப் பார்க்க நிறுத்திவைத்து, கைபிடியை விடாமல் பக்கத்திலேயே நிற்பார். தெறித்த உப்புநீரெல்லாம் இந்த மூடியின்மேல்தான் விழுந்திருக்கும்.

மண்ணெண்ணெயும் கியர் எண்ணெயும் கலந்து ஒவ்வொரு தலையைச் சுற்றியும் விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அசையவில்லை. சின்ன மாமா வந்து மோட்டார் சைக்கிளுக்கு மறுபடியும் விலை கேட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அலுமினியம் ஒரு பாகை சூட்டுக்குத் தன் நீளத்தில் ஏறக்குறைய 23 மில்லியனில் ஒரு பங்கு என்ற கணக்கில் விரிவதாக நேற்றிரவு தவறாகக் குறித்துவைத்திருந்ததை இன்று திருத்தினேன்: ஒரு மில்லியனில் 23 பங்கு. இரும்புக்கு அது ஏறக்குறைய 12. ஆறு மில்லிமீற்றர்த் திருகாணியையும் அதைச் சுற்றிய அலுமினியத்தையும் நூறு பாகை சூடாக்கினால், துளை திருகாணியைவிடச் சுமார் 0.007 மில்லிமீற்றர் கூடுதலாக அகலும். தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்கு. எண்ணெய் ஊர்ந்து உள்ளே போக அது போதும்.

ஃபைபர் படகு திருத்தும் தம்பியிடம் சூடான காற்று வீசும் கன்னை இரவல் வாங்கி, மூடியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். பிறகு சுத்தியலால் அடிக்கும்போது தானே திரும்பும் இம்பாக்ட் திருப்புளியின் நுனியில் வால்வு அரைக்கும் பசையைச் சிறிது தடவினேன். அதிலுள்ள மணித்துகள்கள் வழுக்கலைத் தடுக்கின்றன. நேராகப் பிடித்து ஒரே அடி. முதல் திருகாணி ஒரு சிறு முனகலோடு இளகியது. அந்த ஓசையைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழ்த் திருகாணியைத் தவிர மற்றவை எல்லாம் வந்துவிட்டன.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போயா, பௌர்ணமி விடுமுறை. துளையிடும் அலகு வாங்கக் கடை இல்லை. அப்பாவுக்கு இன்று பரிசோதனை முடிவு வரவேண்டும். போயாவால் அதுவும் தள்ளிப்போயிருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

அரைபட்ட தலையின் நடுவே மையப்புள்ளி குத்தி, முதலில் மெல்லிய அலகாலும் பின்னர் 6.5 மில்லிமீற்றர் அலகாலும் துளைத்தேன். தலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கழுத்து தீர்ந்ததும் தலை வளையமாகக் கழன்று அலகிலேயே சுழன்றது. இனி மூடியை இழுப்பதற்குத் தடை இல்லை. மிஞ்சிய தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இறுக்கத்தைக் கொடுத்ததே அந்தத் தலைதான் என்பதால், அது போனபின் பூட்டுக்குறட்டால் பிடித்துத் திருப்பக் கையளவு பலமே போதுமாயிருந்தது. உடலிலுள்ள புரி பழுதாகவில்லை. இதை நான் பெரிய பேறாக நினைக்கிறேன்.

மூடி வந்துவிட்டது. உள்ளே பார்த்ததை நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

உள்ளே சிவப்பு சிலிக்கோன் பசை. எங்கும் அதுதான். அப்பா ஒரேயொரு முறை ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் இதைக் கொடுத்திருந்தார்; அங்கே சீலை மாற்றாமல் அதன் முகத்தின்மேல் பசையை அப்பி மூடியிருக்கிறார்கள். சிலிக்கோன் எண்ணெய் வழியும் பரப்பில் ஒட்டாது. உரிந்து துணுக்காகி, உட்புறம் போனால் எண்ணெய் ஓடும் நுண்துளைகளை அடைத்துவிடும். மெக்னட் சில்லின் நடுக்குமிழில் உளி பட்ட வடுக்கள் இருக்கின்றன. நட்டை உளியால் அடித்துச் சுழற்றியிருக்கிறார்கள். சில்லை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் பூட்டவேண்டிய புரியின் முதற்சுற்று நசிந்திருக்கிறது.

இதைக் கண்டபின் வெகுநேரம் எதையும் தொட மனம் வரவில்லை. ஓர் இயந்திரம் தன்னைக் கழற்றும் வழியையும் தன்னோடு வைத்துக்கொண்டே உருவாக்கப்படுகிறது; இந்தப் புரி அதற்காகவே வெட்டப்பட்டது. அதன்மேல் உளியை வைத்தவருக்கு இது ஒரு நாள் வேலையாக இருந்திருக்கலாம். எங்களுக்கு அப்படி இல்லை.

"பழைய இரும்புதானே" என்றார் சின்ன மாமா. ஹொண்டா 1976இல் இந்த வகையை வெளியிட்டபோது, எண்ணெயை ஒழுங்காக மாற்ற வசதியில்லாத நாடுகளின் வீதிகளை மனத்தில் வைத்தே அதை வடிவமைத்தார்கள். கேம் சங்கிலி கிடையாது. வால்வுகளைத் தள்ளுகோல்களே இயக்குகின்றன. 124 கன சென்ரிமீற்றர், ஒரே சிலிண்டர். தேய்வதற்கும் கழல்வதற்கும் இதில் இருப்பவை கொஞ்சம். அதனால்தான் இது இன்னும் இங்கே நிற்கிறது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை, அப்பாவிடம்தான் சொன்னேன். அப்பா சிரித்ததாகத் தோன்றியது. அல்லது இருமினாரோ தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நட்டைக் கழற்றும்போது கிராங்க் சுழலாமல் நிற்கவேண்டும். மெக்னட்டின் துளைகளில் எதையும் செருகி நிறுத்த எனக்கு விருப்பமில்லை. தீப்பொறிச் செருகியைக் கழற்றி, இரு வால்வுகளும் மூடியிருக்க பிஸ்டன் மேலெழும் நிலையில், மெல்லிய பருத்திக் கயிற்றைத் துளைவழியே உள்ளே விட்டு, மறுநுனியை வெளியே கட்டிவைத்தேன். பிஸ்டன் கயிற்றில் மெத்தென்று அமர்ந்து நின்றது. நீண்ட கைபிடியோடு இடப்புறமாகத் திருப்ப, நட்டு வந்துவிட்டது.

மெக்னட் அசையவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நசிந்த புரியை ஊசி அரத்தால் சுற்று முழுவதும் சீவி, கிண்ணியாவுக்குப் பஸ்ஸில் போய், லேத் பட்டறை நானாவிடம் புல்லர் வாங்கிவந்தேன். என் கையிலிருந்த நிழற்படத்தைப் பார்த்ததுமே அவர் கேட்டது அப்பாவைப் பற்றித்தான். அதன்பிறகு சொன்னார்: "மகள், விளிம்பில கொக்கி போட்டு இழுக்கவே வேண்டாம், சில்லு கோணிப் போயிடும். நடுப்புரியில கடைசி சுத்து வரைக்கும் பூட்டுங்க. இறுக்குங்க. வரல்லயா, விட்டுட்டுப் போய்த் தேத்தண்ணி குடிங்க. இழுவை நின்டா அது தானா வரும்."

சுத்தியலைப் பற்றியும் கேட்டேன். இந்தக் கிராங்க் தனித்தனித் துண்டுகளாகச் செய்து அழுத்திப் பொருத்தப்பட்டது. அதன் முனையில் ஓங்கி அடித்தால் நேர்கோடு கெட்டுவிடும், காந்தங்களும் உதிரக்கூடும் என்றார். புல்லர் முழு இழுவையில் இருக்கும்போது அதன் தலையில் ஒரு சிறு தட்டு மட்டும் தரலாமாம். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

இறுக்கி, இரவு முழுவதும் அப்படியே விட்டிருக்கிறேன். சில்லு பாய்ந்து விழாதபடி நட்டைச் சில புரிகள் மட்டும் திரும்பப் பூட்டியிருக்கிறேன். தூக்கம் வரவில்லை. அப்பா இன்று எடுக்கவில்லை. அக்காதான் எடுத்து, "நாளைக்குத்தான் சொல்லுவினமாம்" என்றாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விடியற்காலை கைபிடியில் கால்சுற்றுக்கும் குறைவாகக் கூட்டி, தலையில் ஒரு தட்டு கொடுத்தேன். துவக்கு வெடித்ததுபோல் ஓர் ஓசை. கூம்பிலிருந்து மெக்னட் விடுபட்டு நட்டில் வந்து நின்றது. மெக்னட்டைத் தண்டில் சரியான நிலையில் நிறுத்தும் அரைவட்டக் கீ தன் குழியில் வெட்டுப்படாமல் இருந்தது. தீப்பொறி எந்த நேரத்தில் விழவேண்டும் என்பதற்கு அந்தச் சிறு துண்டே சாட்சி என்பதால் அதை முதலில் எடுத்துத் துணியில் சுற்றிவைத்தேன்.

அக்காவின் அழைப்புக்கு முன்பே நான் அப்பாவை எடுத்தேன். "கழண்டுட்டு அப்பா" என்றேன். "கீ நல்லா இருக்கா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் முடிவைச் சொன்னார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சீலின் உதடு நகத்தால் அழுத்தினாலும் வளையாத அளவுக்கு இறுகிவிட்டது. அதன் முகத்தில் சிறு துளையிட்டு, ஒரு மரத்திருகாணியை ஏற்றி, அதைக் குறட்டால் இழுத்து எடுத்தேன். தண்டில் கீறல் விழவில்லை. உதடு உராய்ந்த இடத்தில் தண்டில் மெல்லிய தடம் இருக்கிறது. புதிய சீலை ஒரு மில்லிமீற்றர் வெளித்தள்ளி அமர்த்தினால் உதடு தேயாத பரப்பில் ஓடும்.

ஆனால் சீல் மட்டும் காரணமாக இருக்குமா என்ற எண்ணம் என்னை விடவில்லை. பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் கீழறையிலுள்ள காற்று அழுத்தப்படுகிறது. அது வெளியே போக மூச்சுக்குழாய் இருக்கிறது. அது அடைபட்டால் அழுத்தம் பலவீனமான சீலைத்தான் தேடிப்போகும். குழாயைக் கழற்றி ஊதினேன், காற்று போகவில்லை. கம்பியை விட்டபோது மண் உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருக்கிறது. அப்பா போனதிலிருந்து நின்ற இடத்திலேயே நின்ற மோட்டார் சைக்கிளில் குளவிக்கு வேறென்ன வேலை. இதைக் காணாமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் சில மாதங்களில் விட்டிருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சீல் இங்கே இல்லை. பழையதின் முகத்தில் பொறித்திருந்த அளவுகளைச் சொல்லிக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வந்தது. உதட்டில் கிரீஸ் தடவி, சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்க, பொருத்தமான குழாய்த் துண்டால் சுற்றிலும் சமமாகத் தட்டி அமர்த்தினேன். கூம்பின் இரு பரப்பையும் பெற்றோலால் துடைத்து உலர்த்தியபின் மெக்னட்டைப் பூட்டினேன். அங்கே எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. மூடிக்குப் புதிய பெக்கிங், புதிய திருகாணிகள். இம்முறை ஆறுகோணக் குழியுள்ள தலைகள், புரிகளில் ஒட்டாமல் காக்கும் பசை. எஞ்சின், கிளச், கியர் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான் ஓடுகிறது என்பதால் எண்ணெயில் ஓடும் கிளச்சுக்கு ஏற்றதென்ற தரக்குறியான ஜாசோ எம்.ஏ. என்று பொறித்த எண்ணெயைத் தேடி வாங்கினேன். கார் எண்ணெயில் கிளச் வழுக்கக்கூடும்.

சின்ன மாமாவிடம் விற்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

உவர்மலையிலிருந்து நிலாவெளிவரை போய் வந்தேன். மூடியின் அடிக்கோடு உலர்ந்திருக்கிறது. முகப்பவுடர் வெள்ளையாகவே நிற்கிறது. மூச்சுக்குழாயின் நுனியில் கையை வைத்தால் காற்று சீராக அடிக்கிறது. அப்பாவை ஞாயிறன்று விடுவார்களாம். பஸ் நிலையத்துக்கு இதில்தான் வரச் சொல்கிறார், அக்கா கூடாதென்கிறாள்.

ஆனால் முன்பல்சில்லின் பின்னால் ஈரம் தெரிகிறது. சங்கிலியில் பூசிய எண்ணெயா, கியர் தண்டின் சீலா என்று பார்வைக்குப் புரியவில்லை. நாளை காற்று எழும்புமுன் பல்சில்லைக் கழற்றவேண்டும். அதன் பூட்டுத்தகட்டிலுள்ள ஆணிகளில் ஒன்றின் தலையும் அரைபட்டிருக்கிறது.