ஆகஸ்ட் 15: வேலூர்ப் பேராலயத்தில் மாதா திருநாளும் தேசியக் கொடியும்

வேலூர் மறைமாவட்டத்தின் பேராலயம் விண்ணேற்பு அன்னைக்கு, அதாவது விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மரியாவுக்கு உரியது. இந்தியாவின் பாதுகாவலியும் அவரே. அவர் திருநாளும் சுதந்திர தினமும் ஒரே தேதியில் அமைந்தது யாரும் திட்டமிட்டதல்ல. திருநாள் பல நூற்றாண்டுப் பழமையானது. 1947-இல் மவுன்ட்பேட்டன் தேதி குறித்தபோது நினைத்தது ஜப்பான் சரணடைந்த நாளை. விசுவாசிகள் அதை அன்னையின் கொடையாகவே ஏற்றுக்கொண்டோம்.

திருவண்ணாமலை மாவட்டச் சேத்துப்பட்டில் லூர்து மாதா கோயிலை எழுப்பிய குருக்கள் பிரான்ஸிலிருந்து வந்தவர்கள். அவர்கள் நாட்டை 1638-இல் மன்னர் பதின்மூன்றாம் லூயி மாதாவுக்கு ஒப்புக்கொடுத்தார். 1922-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் விண்ணேற்பு அன்னையை அதன் பாதுகாவலியாக அறிவித்தார். அது அரசனின் வேண்டுதல். இந்தியாவிலோ எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம், எல்லா மதத்தவரும் வாழும் நாட்டுக்காக மன்றாடுகிறது. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

திருநாளுக்கு முந்தைய ஒன்பது நாள் செபமான நவநாள் ஆகஸ்ட் 6 முதல் 14 வரை. ஒப்புரவு அருட்சாதனத்தை (பாவசங்கீர்த்தனத்தை) கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள், வரிசை நீண்டுவிடும். 15 கடன் திருநாள், எந்தக் கிழமையானாலும் திருப்பலி காண வேண்டும். வெளியூர்க்காரர்கள் காட்பாடியில் இறங்கி விடியற்காலையிலேயே நகருக்குள் வந்துவிடுவது நல்லது. நேதாஜி விளையாட்டரங்கில் மாவட்டச் சுதந்திர தின விழா நடக்கும் நேரத்தில் ஆட்டோ கிடைப்பதே சிரமம். நற்செய்தி லூக்கா 1:39-56. வலியோரை அரியணையினின்று இறக்கி, தாழ்ந்தோரை உயர்த்தும் அன்னையின் பாடல் அதில்தான் வருகிறது. சுதந்திர தினத்தில் அதைக் கேட்பது தனி அனுபவம். முந்தின இரவே ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

பங்குகளில் தவறு நேர்வது கொடி விஷயத்தில். நவநாள் தொடங்கும்போது ஏற்றிய மாதா கொடி கொடிமரத்தில் பறந்துகொண்டிருக்கும். 15 காலை அதே வளாகத்தில் மூவர்ணக் கொடியையும் ஏற்றுகிறோம். இந்தியக் கொடிச் சட்டத்தொகுப்பு 2002-இன்படி வேறெந்தக் கொடியும் தேசியக் கொடிக்கு மேலேயோ, அதற்குச் சமமாகப் பக்கத்திலோ இருக்கக் கூடாது. ஆகவே தனிக் கம்பம் தேவை. கொடிமரம் அதைவிட உயரம் என்றால், மாதா கொடியை இறக்கிக் கட்டிவிட்டுத் தேசியக் கொடியை ஏற்றுங்கள். அதில் அன்னைக்கு எந்தக் குறையும் இல்லை. காவி நிறம் மேலே இருக்கிறதா என்று மடிக்கும்போதே பாருங்கள். உள்ளே பூவிதழ் வைக்க அனுமதி உண்டு.

சப்பரத்தில் மூவர்ணத் துணியைச் சுற்றுவதும் சுரூபத்துக்குப் போர்த்துவதும் ஆசையில் செய்வதுதான், ஆனாலும் கூடாது. கொடியை அலங்காரத் துணியாக்குவதையும் சிலைமீது போர்த்துவதையும் அதே தொகுப்பு தடுக்கிறது. ஆரஞ்சு சாமந்தி, வெள்ளைச் சம்பங்கி, பச்சை மரிக்கொழுந்து மூன்றையும் அடுக்கடுக்காகக் கட்டினால் அதே வண்ணம் வந்துவிடும். மரிக்கொழுந்து சீக்கிரம் வாடும். ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, சப்பரம் கிளம்பும் முன் கடைசியாகக் கட்டுங்கள்.